விண்ணப்பம் கொடுத்த அன்று அவளுக்கு வயது 17

லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஏப்ரல் 12 அன்று ஒரு தீர்ப்பு வழங்கியது. வழக்கு எண் சி-550/16. வழக்குத் தொடுத்தவர்கள் வடகிழக்கு ஆப்பிரிக்காவின் எரித்திரியாவைச் சேர்ந்த ஒரு தம்பதி. அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்பதால் அவர்கள் ஏட்டில் ‘ஏ’, ‘எஸ்’ என்ற இரண்டு எழுத்துகளாகவே இருக்கிறார்கள். வழக்குக்குக் காரணமான அவர்களுடைய மகளுக்கு அந்த ஒற்றை எழுத்துகூட இல்லை. நானும் இங்கே அவளை மகள் என்றே எழுதுகிறேன்.

பெரியவர் துணை யாரும் இல்லாமல் நெதர்லாந்துக்கு வந்து தஞ்சம் கேட்டவள் அவள். தஞ்சம் கிடைத்தது. அடுத்து அம்மா, அப்பா, மூன்று தம்பிகள் ஆகியோரை அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தாள். “உனக்கு 18 வயது தாண்டிவிட்டது, பெற்றோரை அழைக்கும் உரிமை சிறுவர்களுக்குத்தான்” என்ற பொருளில் அரசு மறுத்துவிட்டது. அவள் தஞ்சம் கேட்டபோது சிறுமி. அரசு யோசித்து முடிப்பதற்குள் பெரியவள் ஆகிவிட்டாள். பிள்ளையின் வயதை எந்த நாளில் வைத்து அளப்பது என்ற இந்த ஒரே கேள்விக்கு விடை கிடைக்க, குடும்ப விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கும் மேல் ஆனது.

எரித்திரியக் குடும்பத்தின் வழக்கைத் தமிழில் விரித்து எழுதக் காரணம் உண்டு. இலங்கைப் போர்க்காலத்தில் சுற்றிவளைப்புக்கும் கட்டாய ஆள்சேர்ப்புக்கும் பயந்து, ஒரு பிள்ளையாவது தப்பட்டும் என்று காணியை விற்று, நகையை அடகு வைத்து, பதின்வயதுப் பிள்ளையைத் தனியாக ஏற்றி அனுப்பிய பெற்றோர் நம்மிடையே ஏராளம். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் நெதர்லாந்திலும் இன்று பேரப்பிள்ளை கண்ட பலர் அப்படி வந்த பிள்ளைகள்தான். கேஸ் முடியும்வரை ஊரில் அம்மா இருப்பாரா என்று எண்ணி எண்ணிக் காத்திருந்தவர்களுக்கு இந்த வழக்கின் மையத்தை விளக்கத் தேவையில்லை. ஆனால் சட்டம் இதில் என்ன சொல்கிறது, எங்கே கை கொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பது நம் வீடுகளில் இன்னும் சரியாகத் தெரியவில்லை.

தேதிகள்

இந்த வழக்கில் உணர்ச்சியைவிடத் தேதிகளே அதிகம் பேசுகின்றன. மகள் தஞ்ச விண்ணப்பம் கொடுத்தது 2014 பிப்ரவரி 26. அவளுக்கு 18 வயது நிறைந்தது அதே ஆண்டு ஜூன் 2. தஞ்சம் வழங்கும் முடிவு வந்தது அக்டோபர் 21. குடும்பத்தை அழைக்கும் விண்ணப்பம் போனது டிசம்பர் 23. அகதிகளுக்கு உதவும் ஃப்ளுக்டெலிங்கன்வெர்க் அமைப்பின் மத்திய நெதர்லாந்துக் கிளை அவள் சார்பில் அதைக் கொடுத்தது. 2015 மே 27 அன்று மறுப்பு. அதை எதிர்த்துக் கொடுத்த ஆட்சேபம் ஆகஸ்ட் 13 அன்று தள்ளுபடி. செப்டம்பர் 3 அன்று நீதிமன்றத்தில் மேல்முறையீடு.

தஞ்ச விண்ணப்பத்துக்கும் 18ஆவது பிறந்தநாளுக்கும் இடையே இருந்தவை 96 நாட்கள். நெதர்லாந்தில் தஞ்ச விண்ணப்பத்தை முடிக்கச் சட்டம் தரும் வழக்கமான அவகாசம் ஆறு மாதம். அதாவது அதிகாரிகள் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல், சட்டம் சொன்ன கால அளவுக்குள் வேலையை முடித்திருந்தாலும் அவள் 18ஐக் கடந்திருப்பாள். மூன்றே மாதத்தில் முடிவு வந்திருந்தால்கூட, குடும்ப விண்ணப்பம் தயார் செய்ய மிஞ்சியிருக்கும் காலம் ஒரே வாரம். அரசு முன்வைத்த கணக்குப்படி பார்த்தால், அவள் நெதர்லாந்தில் தஞ்சம் கேட்ட அன்றே பெற்றோரை அழைக்கும் உரிமை அவள் கைக்கு எட்டாததாகிவிட்டது. சட்டப்புத்தகத்தில் உரிமை இருக்கிறது, அதை அடையும் வழி இல்லை. எந்த அதிகாரியையும் தனியாகக் குறை சொல்ல முடியாத இந்த நிலைதான் எனக்கு இந்த வழக்கில் மிகவும் உறுத்துகிறது.

இன்னொரு விவரமும் இருக்கிறது. அக்டோபர் 21 அன்று வழங்கப்பட்ட ஐந்தாண்டு வதிவிட அனுமதி அன்றிலிருந்து செல்லுபடி ஆகவில்லை. தஞ்ச விண்ணப்பம் கொடுத்த நாளான பிப்ரவரி 26லிருந்தே அது செல்லும் என்று அரசே எழுதிக் கொடுத்தது. அந்த நாளில் அவள் 17 வயதுச் சிறுமி. நாட்டில் தங்கும் உரிமைக்கு 17 வயதில் கொடுத்த விண்ணப்ப நாளை ஏற்ற அரசு, அம்மாவை அழைக்கும் உரிமைக்கு மட்டும் வேறொரு நாளைத் தேடிப் போனது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வழக்கின் விடை பாதி தெரிந்துவிடுகிறது.

எரித்திரியாவிலிருந்து ஒரு பிள்ளை ஏன் தனியாக வருகிறது

தீர்ப்பு அவளுடைய பயணத்தை விவரிக்கவில்லை. ஆனால் அவள் விட்டு வந்த நாட்டைப் பற்றித் தெரிந்தால் குடும்பம் ஏன் ஒன்றாகக் கிளம்பி வர முடியவில்லை என்பது புரியும்.

எரித்திரியா 1993இல் தனி நாடானது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 18 மாதக் கட்டாய தேசிய சேவையை நிலைநிறுத்தியது. 1998 முதல் 2000 வரை எத்தியோப்பியாவுடன் எல்லைப் போர் நடந்தது. அதற்குப் பிறகு அந்த 18 மாதம் என்ற வரம்பு ஏட்டில் மட்டும் இருக்கிறது; சேவை எப்போது முடியும் என்று சேருகிறவருக்குத் தெரியாது. பள்ளிப் பிள்ளைகள் 12ஆம் வகுப்பைச் சாவா என்ற ராணுவ முகாமில்தான் முடிக்க வேண்டும். வகுப்பறையிலிருந்து நேராகப் பட்டாளம். ஐக்கிய நாடுகள் சபை அமைத்த விசாரணை ஆணையம் 2016 அறிக்கையில், இந்த அமைப்பு மக்களை அடிமைப்படுத்துகிறது என்றும், அங்கே நடப்பவற்றை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாகக் கருத நியாயமான ஆதாரம் இருக்கிறது என்றும் சொன்னது. 16, 17 வயதில் பிள்ளைகள் எல்லை தாண்டுவது இந்தப் பின்னணியில்தான்.

நாட்டை விட்டு முறையாக வெளியேற அரசின் அனுமதி வேண்டும். சேவை வயதில் இருப்பவர்களுக்கு அது எளிதில் கிடைக்காது. ஆகவே இரவில் நடந்து சூடானுக்கோ எத்தியோப்பியாவுக்கோ போவார்கள். சூடானைக் கடந்தால் சஹாரா, பிறகு லிபியா, பிறகு மத்தியதரைக் கடல். மகள் தஞ்சம் கேட்பதற்கு ஐந்து மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன், 2013 அக்டோபர் 3 அன்று, இத்தாலியின் லம்பெதூசா தீவருகே ஒரு படகு எரிந்து கவிழ்ந்து 360க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எரித்திரியர்கள். அப்படியான வழியில் மூன்று சின்னப் பிள்ளைகளோடு குடும்பமாகக் கிளம்ப எந்தத் தாய் தகப்பனும் துணிய மாட்டார்கள். சட்டப்படி விசா வாங்கி விமானத்தில் வரும் வழி ஒன்று உண்டென்றால், அது முதலில் போய்ச் சேர்ந்த பிள்ளையின் விண்ணப்பம் வழியாகத்தான்.

18 நிறையும் நாள்

துணையின்றி வரும் சிறுவர்களுக்கு நெதர்லாந்தில் நிடோஸ் என்ற அமைப்பு சட்டப்படியான பாதுகாவலர். பள்ளி, தங்குமிடம், மருத்துவம், வழக்கறிஞரோடு சந்திப்பு எல்லாவற்றிலும் பெற்றோர் இடத்தில் நின்று முடிவெடுப்பது அவர்களே. 18 நிறையும் நாளில் அந்தப் பாதுகாவல் முடிந்துவிடும். முந்திய நாள்வரை பதில் சொல்ல ஒருவர் இருந்தார்; அடுத்த நாள் தன் கோப்புக்குத் தானே பொறுப்பு.

பெற்றோரை அழைக்கும் உரிமையும் அதே நாளில் போய்விடுகிறது என்பதுதான் நெதர்லாந்து அரசின் நிலை. இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் குடும்ப ஒன்றிணைவு ஆணை 2003 செப்டம்பரில் இயற்றப்பட்டது, எண் 2003/86. உறுப்பு நாடுகள் இதைத் தங்கள் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். இந்த ஆணைப்படி வயது வந்த ஓர் அகதி தன் கணவன் அல்லது மனைவியையும், 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் அழைக்கலாம். பெற்றோரை அனுமதிப்பது அந்தந்த நாட்டின் விருப்பம். ஆனால் துணையின்றி வந்த சிறுவர் அகதியாக ஏற்கப்பட்டால், 10ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவுப்படி அவருடைய தாய் தகப்பனை நாடு அனுமதித்தே ஆக வேண்டும். பெற்றோர் பிள்ளையின் வருமானத்தில் வாழ்கிறார்களா, ஊரில் அவர்களைப் பார்க்க வேறு யாரும் இருக்கிறார்களா என்ற கேள்விகள் இங்கே கிடையாது. விருப்பமாக இருந்த ஒன்று கடமையாக மாறுகிறது. அந்தக் கடமை நிற்பதும் விழுவதும் ஒரு பிறந்தநாளில்.

எந்த நாளில் அவர் சிறுவராக இருக்க வேண்டும் என்பதை ஆணை எங்கும் சொல்லவில்லை. நாட்டுக்குள் வந்த நாளா, தஞ்சம் கேட்ட நாளா, குடும்பத்துக்கு விண்ணப்பித்த நாளா, அந்த விண்ணப்பத்தில் முடிவெடுக்கும் நாளா? சட்டம் பேசாத இடத்தை நிரப்பும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு என்று நெதர்லாந்து வாதாடியது. ஆம்ஸ்டர்டாமில் வழக்கைக் கேட்ட ஹேக் மாவட்ட நீதிமன்றம் தானே முடிவெடுக்காமல், 2016 அக்டோபரில் கேள்வியை லக்சம்பர்க்குக்கு அனுப்பியது.

நீதிமன்றம் யோசித்த விதம்

தீர்ப்பை முழுதாக வாசித்தால் அது ஒரு பிள்ளையின் நிலையிலிருந்து யோசிக்கப்பட்டது என்று தெரிகிறது. வறண்ட சட்ட நடைதான், ஆனாலும் தெரிகிறது.

முதலில் நீதிமன்றம் நெதர்லாந்தின் வாதத்தை ஒதுக்கியது. பெற்றோரை அனுமதிப்பது கட்டாயம் என்று ஆணை சொல்லும்போது, யார் அந்தச் சிறுவர் என்பதை நாட்டுக்கு நாடு வேறாக வைத்துக்கொள்ள முடியாது. ஒன்றியம் முழுவதற்கும் ஒரே அளவு வேண்டும்.

அடுத்தது, தஞ்சம் என்பதன் தன்மை. ஒருவர் அரசு முடிவெடுத்த நாளில் அகதி ஆவதில்லை. அவர் ஏற்கெனவே அகதி. அரசு அதைக் கண்டறிந்து அறிவிக்கிறது, அவ்வளவுதான். அகதிக்கான தகுதிகள் ஒருவரிடம் இருந்தால், விண்ணப்பம் கொடுத்த நாள் முதல் அந்த ஏற்பைப் பெறும் உரிமை அவருக்கு இருக்கிறது. இந்தக் கருத்து புதியதல்ல, ஒன்றியத்தின் தஞ்சச் சட்டத்திலேயே உள்ளது. நீதிமன்றம் அதைக் குடும்ப உரிமைக்கும் நீட்டியது.

மூன்றாவது படியைத்தான் நான் பலமுறை திரும்ப வாசித்தேன். ஒரே வயதுள்ள இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் விண்ணப்பம் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய கோப்பு சீக்கிரம் நகர்கிறது, மற்றவருடையது மேசையில் கிடக்கிறது. முன்னவர் அம்மாவை அழைக்கலாம், பின்னவர் அழைக்க முடியாது. இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் அலுவலகத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எவ்வளவு வேலை குவிந்திருக்கிறது, அரசு எதற்கு ஆள் ஒதுக்கியது என்பவை மட்டும். இவற்றில் எதிலும் பிள்ளைக்குப் பங்கில்லை. சமநீதி என்ற கொள்கைக்கும், தன் நிலை என்ன ஆகும் என்று முன்கூட்டியே அறியும் உரிமைக்கும் இது முரண் என்றது நீதிமன்றம்.

இதோடு நிற்காமல் இன்னொன்றையும் சொன்னது. முடிவெடுக்கும் நாளை அளவாக வைத்தால், சிறுவர்களின் விண்ணப்பங்களை முந்தி முடிக்க அரசுகளுக்கு எந்தத் தூண்டுதலும் இருக்காது; அது சிறுவர்களின் நலனைக் காக்கவேண்டிய கடமைக்கே எதிராகப் போகும். அரசு வேண்டுமென்றே இழுத்தடித்தது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இழுத்தடித்தால் லாபம் கிடைக்கும்படி ஒரு விதியை வைத்திருக்கக் கூடாது என்றது. குடியேற்றச் சட்டத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் மனதில் வைக்கவேண்டிய வாதம் இது. காலதாமதம் யார் கையில் இருக்கிறதோ, அதனால் வரும் இழப்பையும் அவர்களே ஏற்க வேண்டும்.

முடிவு இதுதான்: துணையின்றி வந்தவர் தஞ்ச விண்ணப்பம் கொடுத்த நாளில் 18க்குக் கீழ் இருந்தால், நடைமுறை ஓடும்போது 18 நிறைந்து, அதன் பிறகு அகதியாக ஏற்கப்பட்டாலும், குடும்ப ஒன்றிணைவுக்கு அவர் சிறுவரே. தீர்ப்புக்கு முன் நீதிபதிகளுக்குச் சட்டக் கருத்துச் சொல்பவரான அட்வகேட் ஜெனரல், இந்த வழக்கில் இவ் போ என்பவர், அவரும் தஞ்சம் கேட்ட நாளையே பரிந்துரைத்திருந்தார்.

இதற்கு ஒரு வரம்பும் வைத்தார்கள். அகதியாக ஏற்கப்பட்ட நாளிலிருந்து, பொதுவாக மூன்று மாதத்துக்குள், குடும்ப விண்ணப்பம் போய்விட வேண்டும். சிறுவராக இருந்த உரிமையை 25 வயதில் வந்து கேட்க முடியாது என்பது இதன் நோக்கம். மகள் அக்டோபர் 21லிருந்து இரண்டு மாதமும் இரண்டு நாளும் கழித்து விண்ணப்பித்திருந்தாள். அவளுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்த அமைப்பு ஐந்து வாரம் பிந்தியிருந்தால், பின்னர் வந்த தீர்ப்பு அவளுக்கே பயன்பட்டிருக்குமா என்பது சந்தேகம்.

லக்சம்பர்க் நீதிமன்றம் யாருக்கும் விசா கொடுப்பதில்லை. சட்டத்தின் பொருளைச் சொல்லி, கேள்வி கேட்ட நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பும். எஞ்சிய வேலை ஆம்ஸ்டர்டாமில்தான் நடக்க வேண்டும். ஆனால் அந்த நாளிலிருந்து, ஆணைக்குக் கட்டுப்பட்ட ஒவ்வொரு நாட்டிலும் 17 வயதில் தஞ்சம் கேட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் கையில் ஒரு பதில் இருந்தது.

மூன்று தம்பிகள்

தீர்ப்பில் பெற்றோரைப் பற்றித்தான் பேச்சு. தம்பிகள் கதையின் ஓரத்தில் நிற்கிறார்கள். காரணம், ஆணையின் அந்தக் கட்டாயப் பிரிவு தாய் தகப்பனை மட்டுமே சொல்கிறது. உடன்பிறப்புகள் அதில் இல்லை. சில நாடுகள் தங்கள் விருப்பத்தில் சேர்த்துக்கொள்கின்றன, சில சேர்ப்பதில்லை.

ஒரு தாயிடம் போய், உங்கள் மூத்த மகளிடம் போகலாம், ஆனால் இந்த மூன்று பேரை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்வது அனுமதி ஆகாது. பல குடும்பங்களில் இதனால் அப்பா ஒரு நாட்டிலும் அம்மா இன்னொரு நாட்டிலுமாகப் பிரிந்து நிற்கிறார்கள். குடும்பம் சேர்வதற்கான சட்டமே அதை இரண்டாகப் பிரித்துவிடுகிறது.

இதில் ஓர் அசைவு 2024 ஜனவரி 30 அன்று வந்தது. வழக்கு எண் சி-560/20, வியன்னாவிலிருந்து வந்தது. துணையின்றி ஆஸ்திரியாவுக்கு வந்த ஒரு சிரியச் சிறுவன் அகதியாக ஏற்கப்பட்டான். சிரியாவில் அவனுடைய பெற்றோரோடு மூளைவாதம் உள்ள, வயது வந்த ஓர் அக்கா இருந்தார். உண்பது உட்பட எல்லாவற்றுக்கும் பெற்றோரின் கையையே நம்பியிருப்பவர். அவரை விட்டுவிட்டுப் பெற்றோர் வர முடியாது. அவருக்கு அனுமதி மறுத்தால் பெற்றோருக்குக் கொடுத்த அனுமதியும் வெறும் காகிதம். ஆகவே அந்த அக்காவையும் அனுமதிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. வீடு, மருத்துவக் காப்பீடு, போதிய வருமானம் ஆகியவற்றைக் காட்டச் சொல்லி அந்தச் சிறுவனையோ பெற்றோரையோ கேட்க முடியாது என்றும் சொன்னது. இந்தத் தீர்ப்பு எல்லா உடன்பிறப்புகளுக்கும் கதவைத் திறக்கவில்லை. கடுமையான நோயால் முழுக்கப் பெற்றோரைச் சார்ந்தவர்களுக்கு மட்டும் திறந்தது. சின்னத் தம்பிகளுக்கும் அதே நியாயம் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. ஐந்து வயதுப் பிள்ளையும் தாயில்லாமல் வாழ முடியாதவன்தான்.

தீர்ப்புக்குப் பிறகும் மூடியே நின்ற கதவுகள்

ஒரு தீர்ப்பு வந்தவுடன் எல்லா அலுவலகங்களும் மாறிவிடும் என்று நினைக்கக் கூடாது. ஜெர்மனி தன் நடைமுறையைத் தொடர்ந்தது: பிள்ளைக்கு 18 நிறைந்தால் பெற்றோரின் உரிமை முடிந்தது. சிரியாவைச் சேர்ந்த பெற்றோர்கள் தொடுத்த வழக்குகள் லக்சம்பர்க்குப் போய், 2022 ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனியின் வாதமும் நிராகரிக்கப்பட்டது. பிள்ளை வயது வந்துவிட்டார் என்பதற்காக மறுக்க முடியாது, வந்து சேர்ந்த பெற்றோரின் வதிவிட அனுமதியைப் பிள்ளையின் பிறந்தநாளோடு முடித்துவிடவும் முடியாது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே நான்கு ஆண்டுகளுக்கு மேல். அந்த இடைவெளியில் எத்தனை தாய்மார் கடைசிவரை பிள்ளையைப் பார்க்காமலே போயிருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

பெல்ஜியத்தில் கதை மறுபக்கம். கினியிலிருந்து வந்த ஒரு தகப்பன் தன் பிள்ளைகளை அழைத்தார். விண்ணப்பம் கொடுத்தபோது பிள்ளைகள் சிறுவர்கள். மறுப்பை எதிர்த்துப் போட்ட மேல்முறையீடு ஆண்டுக்கணக்கில் கிடந்தது. கடைசியில், பிள்ளைகள் இப்போது பெரியவர்கள், ஆகவே வழக்கால் அவர்களுக்கு இனிப் பயன் இல்லை என்று அதைத் தள்ளினார்கள். 2020 ஜூலை 16 அன்று லக்சம்பர்க் நீதிமன்றம் இதையும் திருத்தியது: அந்தப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் கொடுத்த நாளின் வயதே கணக்கு, நீதிமன்றத்தின் தாமதமும் பிள்ளையின் குற்றமல்ல.

தூதரகத்துக்கு நேரில் வரவேண்டும் என்ற நிபந்தனை வேறு. சிரியாவின் அஃப்ரினில் மாட்டிக்கொண்ட ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் பெல்ஜியத் தூதரகம் எதற்கும் போக முடியாத நிலை. கணவர் பெல்ஜியத்தில் அகதி. 2023 ஏப்ரல் 18 அன்று நீதிமன்றம், போக முடியாதவர்களை விண்ணப்பம் கொடுக்கும் கட்டத்திலேயே நேரில் வரச் சொல்லக் கூடாது என்றது. எரித்திரியர்களுக்கும் இதே இக்கட்டு உண்டு. ஊரில் போய்க் கேட்கும் வசதி இல்லாமல், அடிஸ் அபாபா போன்ற வேற்று நாட்டுத் தலைநகரில் உள்ள தூதரகத்துக்குப் போக வேண்டும். அதற்கே எல்லையைக் கள்ளமாகத் தாண்டியாக வேண்டும்.

ஆவணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கேஸ்கள் விழுவது இங்கேதான். பிறப்புச் சான்றிதழ் கொண்டுவா, அடையாள அட்டை கொண்டுவா என்பார்கள். வெளிநாட்டில் உள்ள எரித்திரியர்களிடம் அந்நாட்டுத் தூதரக அலுவலகங்கள் வருமானத்தில் 2 சதவீத வரி கேட்கின்றன. அதைக் கட்டாதவருக்குச் சேவை கிடைப்பது கடினம். வரி வசூலிக்கும் முறையில் அச்சுறுத்தல் இருப்பதாகச் சொல்லி நெதர்லாந்தே 2018 ஜனவரியில் எரித்திரியத் தூதரக அலுவலகத்தின் தலைவரை வெளியேற்றியது. தப்பி வந்த அரசிடமே போய்ச் சான்றிதழ் கேட்கச் சொல்வது எவ்வளவு பொருந்தாதது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். ஆணையின் 11ஆம் பிரிவு இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது: உத்தியோகபூர்வ ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அகதியின் குடும்ப விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது. நெதர்லாந்தில் வாழும் ஓர் எரித்திரியப் பெண், பெற்றோரை இழந்த ஒரு சிறுவனைச் சூடானிலிருந்து அழைக்க நடத்திய வழக்கில், 2019 மார்ச் 13 அன்று நீதிமன்றம் அதை வலியுறுத்தியது. விளக்கம் கேட்க வேண்டும், வேறு சான்றுகளைப் பார்க்க வேண்டும், பிள்ளையின் நலனைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டியவை

இந்தத் தீர்ப்புகள் எல்லா நாட்டுக்கும் பொருந்தா. டென்மார்க்கும் அயர்லாந்தும் இந்த ஆணைக்கு வெளியே நிற்கின்றன. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஒன்றியத்தில் இல்லை. பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்த காலத்திலேயே இதில் சேரவில்லை. அங்கே சிறுவர் அகதி பெற்றோரை அழைக்கும் வழியே குடியேற்ற விதிகளில் வைக்கப்படவில்லை. உறவினர் ஒருவருடைய நாட்டில் நடந்ததை நம்பி இன்னொரு நாட்டில் கேஸ் நடத்தக் கூடாது.

வதிவிட அட்டையில் இருப்பது எந்த நிலை என்று பார்ப்பது அதைவிட முக்கியம். அகதி நிலை ஒன்று; அகதி வரையறைக்குள் வராவிட்டாலும் திருப்பி அனுப்பினால் கடும் ஆபத்து என்பவர்களுக்குத் தரும், துணைப் பாதுகாப்பு என்று சொல்லப்படும் இரண்டாம் நிலை மற்றொன்று. இந்த ஆணை இரண்டாம் நிலையில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. துணைப் பாதுகாப்புப் பெற்றவரின் குடும்ப உரிமை அந்தந்த நாட்டின் கையில் இருக்கிறது. ஜெர்மனி 2016 மார்ச்சிலிருந்து 2018 ஜூலை வரை அதை நிறுத்தி வைத்தது. பிறகு மாதம் 1,000 பேர் என்று அளவு வைத்தது. 2025 ஜூலை 24 முதல் மறுபடியும் இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தியிருக்கிறது. தங்க இடம் கிடைத்துவிட்டதே என்ற நிம்மதியில் பலர் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. முழு அகதி நிலை கேட்டு மேல்முறையீடு செய்யலாமா என்று, அதற்கான குறுகிய கெடு முடியுமுன் வழக்கறிஞரிடம் கேட்டாக வேண்டும்.

17 வயதில் இருக்கும் பிள்ளை ஒன்று உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ தஞ்சம் கேட்டிருந்தால், விண்ணப்பம் பதிவான நாளைக் காட்டும் தாளைப் பத்திரமாக வையுங்கள். பிறகு எல்லாம் அந்தத் தேதியில்தான் நிற்கும். வயதை அதிகாரிகள் நம்பாமல் பரிசோதனைக்கு அனுப்பினால், அதன் முடிவை எதிர்க்காமல் விட்டுவிடாதீர்கள். பிறந்த தேதியை ஓராண்டு தள்ளி எழுதிவிட்டால் பெற்றோரை அழைக்கும் உரிமை அத்தோடு போய்விடும். ஏஜென்சிக்காரர் சொன்னார் என்று வயதைக் கூட்டிச் சொல்லிப் பிறகு திருத்தப் பார்க்கும் பிள்ளைகளின் நிலை மிகவும் கடினம். பிள்ளை இன்னும் 18க்குள் இருக்கும்போதே அகதி நிலை கிடைத்தால் காத்திருக்காமல் உடனே குடும்ப விண்ணப்பத்தைக் கொடுங்கள். சிறுவராக இருக்கும்போதே கொடுத்த விண்ணப்பத்துக்கு மூன்று மாதக் கெடு இல்லை என்று 2024 தீர்ப்பு சொல்கிறது. 18 நிறைந்த பிறகு கிடைத்தால் மூன்று மாதம்தான். பிறப்புச் சான்றிதழ், மரபணுச் சோதனை, மொழிபெயர்ப்பு எல்லாம் கைக்கு வரட்டும் என்று கெடுவைத் தவற விடக் கூடாது. விண்ணப்பத்தை முதலில் கொடுத்து, ஏற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்கி, குறையும் தாள்களைப் பின்னால் சேர்க்க அவகாசம் கேளுங்கள். தம்பி தங்கைகள் இருந்தால் அவர்கள் பெயர்களையும் அதே விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள், மறுப்பார்கள் என்று தெரிந்தாலும்கூட. பின்னால் வழக்கு நடத்த அந்தப் பெயர்கள் முதலிலேயே தாளில் இருக்க வேண்டும்.